மாமரத்துக்குக் கீழ கிடந்த லான்ட் றோவர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

2009 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வரேக்க எங்கட வளவு மாமரத்துக்குக் கீழ அப்பான்ர பழைய சீரிஸ் லான்ட் றோவர் ஜீப் அப்பிடியே கிடந்தது, வெளி பொடி (மேல்கூடு) அலுமினியம் எண்டதால பெரிசா ஒண்டுமில்லை, ஆனா சேசிஸ் (அடிச்சட்டம்) இரும்பெல்லோ, சுத்தியலால தட்டத் தட்ட கறள் அப்பளம் மாதிரிக் கொட்டுண்டுது. போன வருசம் தொடக்கம் நானும் மகனும் ஞாயிறு ஞாயிறா வேலை, உக்கின இடங்களை வெட்டி புதுத் தகடு வச்சு வெல்டிங் பிடிச்சம். எஞ்சின் ஹெட்டைக் கழட்டினா உள்ள ஒரே கரி. யுத்த கால பொருளாதாரத் தடை நேரம், பெற்றோல் கிடையாமல், சொட்டுப் பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின ஓட்டத்தின்ர மிச்சம் (மனுசி இண்டைக்கும் அந்த மணத்துக்குக் கிட்ட வராது).

முந்தநாள் ஸ்டார்ட் வந்திட்டுது. ஆனா றோட்டில ஏத்தேலாது, வாகனப் பதிவுப் புத்தகம் இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சு. ஒரு கந்தோரில கேட்டா இன்னொரு கந்தோரைக் காட்டீனம். என்னைப் போல கனபேரின்ர வளவில ஜீப்பும் உழவு மெசினும் கிடக்கு, கிளிநொச்சியிலயும் முல்லைத்தீவிலயும் இதுக்கெண்டு ஒரு நடமாடும் சேவை வச்சா என்ன? வாகனத்தை அடையாளம் காட்டுற சேசிஸ் நம்பர் அடிச்ச இடத்தில நாங்கள் கை வைக்கேல்லை, ஆரும் வந்து பாக்கலாம்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் வாசகர்