கரையாத காகிதம்: உறையில் ஒரு வரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் ஆலயத் திருவிழா அன்னதானத்தின்போது மண்டபக் கழிப்பறைகளில் தாள் தீர்ந்துவிட்டது. அடுக்களையில் மிஞ்சியிருந்த சமையலறைக் காகிதச் சுருள்களை எடுத்து அங்கே வைக்கச் சொன்னவன் நான்தான். காகிதம்தானே, தண்ணீரில் கரைந்துவிடும் என்று நம்பினேன். மூன்றாம் நாள் நான்கு கழிப்பறைகளும் அடைத்துக்கொண்டன. குழாயைத் திறந்த பணியாளர் நீண்ட கம்பியை விட்டு இழுத்தபோது, அந்தத் தாள்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறுபோல் வெளியே வந்தன. அத்தனை நேரம் கழிவுநீரில் ஊறியும் அவற்றின் ஓரத்தில் அச்சிட்டிருந்த நீலப்பூ அப்படியே இருந்தது. ஆலய நிர்வாகத்துக்கு 380 ரிங்கிட் செலவு. அந்தச் சுருளின் பிளாஸ்டிக் உறையை வீட்டுக்குக் கொண்டுபோய் இருபுறமும் படித்துப் பார்த்தேன். மென்மை, உறிஞ்சும் திறன், தாள்களின் எண்ணிக்கை எல்லாம் இருந்தன, கழிப்பறையில் போடக்கூடாது என்ற ஒரு சொல் மட்டும் இல்லை.

ஐயம் தீர, இரண்டு மங்குகளில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் கழிப்பறைத் தாளையும் மற்றதில் சமையலறைக் காகிதத்தையும் போட்டுக் கரண்டியால் கலக்கினேன். முதலாவது ஒரு நிமிடத்துக்குள் நொய்க்கஞ்சிபோல் ஆகிவிட்டது. இரண்டாவதை மறுநாள் காலையில் எடுத்துத் துணியைப் பிழிவதுபோல் பிழிய முடிந்தது. வாசகர்கள் தங்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

காரணம் காகித ஆலையிலேயே சேர்க்கப்படும் ஒரு பிசின். சாதாரணக் காகிதத்தில் மரக்கூழின் செல்லுலோஸ் இழைகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் உள்ளே புகுந்ததும் அவை விட்டுவிடுவதால், காய்ந்த நிலையில் இருந்த வலிமையில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. நனைந்த பின்னும் 15 விழுக்காட்டுக்கு மேல் வலிமை எஞ்சினால் அதை ஈரவலிமைக் காகிதம் என்று தொழில்துறையினர் வகைப்படுத்துகின்றனர். இந்த வலிமையைத் தரும் பழைய பொருள்கள் யூரியா-பார்மால்டிஹைடு, மெலமின்-பார்மால்டிஹைடு என்பவை. ரப்பர் பாலை உறையவைக்க அமிலம் வேண்டியதுபோல இவை இறுகுவதற்கும் அமிலச் சூழல் வேண்டும். தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்த என் தந்தையாரின் சட்டையில் வீசிய அமில நெடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாலை உறையவைப்பது அமிலத்தின் வேலை. ஆனால் காகிதத்தில் தங்கிவிடும் அமிலமோ நாளடைவில் அதை நொறுங்கச் செய்கிறது. பார்மால்டிஹைடும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பின்னர் உறுதியாயிற்று.

அமிலம் தேவைப்படாத பாலிஅமைடு-எபிகுளோரோஹைட்ரின் பிசினை 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ஹெர்குலிஸ் நிறுவனம் உருவாக்கி, 1960இல் காப்புரிமை பெற்றது. மரக்கூழ் இழைகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, பிசின் நேர்மின்னூட்டம் கொண்டது; ஆகவே ஏராளமான தண்ணீருக்கு நடுவிலும் அது இழைகளைத் தேடி ஒட்டிக்கொள்கிறது. பிறகு உலர்த்தும் உருளையின் சூட்டில் அது இழைகளோடும் தனக்குள்ளேயும் பிணைந்து, தண்ணீர் அவிழ்க்க முடியாத வலையாகிவிடுகிறது. கிடங்கில் சுருளாகக் கிடக்கும் நாள்களிலும் இந்த இறுக்கம் தொடர்கிறது. இத்தனைக்கும் காகிதத்தின் எடையில் ஒரு விழுக்காட்டை ஒட்டிய அளவு பிசினே போதும். கழிப்பறைத் தாளில் இதைச் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும், தண்ணீரில் இருக்க இருக்கப் பிடி தளரும் வேறு வகைப் பிசினையே சேர்க்கின்றனர்.

இந்தக் கண்டுபிடிப்பை நான் குறை கூறவில்லை. கொதிக்கும் நீரில் தேயிலைப் பை பிய்யாமல் இருப்பதும், சட்டைப்பையோடு துவைக்கப்பட்ட காகிதப் பணத்தாள் முழுசாகத் திரும்புவதும் பெரிதும் இத்தகைய பிசின்களின் பயன்தான். குறை, வாங்குபவருக்கு அது சொல்லப்படாததில் இருக்கிறது. கழிவுத் தொட்டியை நம்பி வாழும் பழைய தோட்டக் குடியிருப்புகளில் ஒரு குழாய் அடைத்தால் ஒரு லயமே, அதாவது ஒரு வரிசை வீடுகளே, அவதிப்படும்.

பழைய காகிதம் சேர்க்கும் பள்ளிப் பிள்ளைகளும் இதே அறியாமையால் ஏமாறுகின்றனர். ஈரவலிமைக் காகிதம் வெறும் தண்ணீரில் கூழாகாது. சூடும் காரமும், பல வேளைகளில் பெர்சல்பேட் போன்ற உப்புகளும் சேர்த்தால்தான் இழைகள் பிரியும். ஆகவே பல ஆலைகள் அதை விரும்புவதில்லை. நான் பணியில் இருந்தபோது எங்கள் மாணவர்கள் ஒரு தவணை முழுவதும் சேர்த்த மூட்டைகளில் ஏறத்தாழ கால் பங்கை வியாபாரி வாசலிலேயே ஒதுக்கிவிட்டார். அந்தப் பிள்ளைகளின் முகம் வாடியதை நான் மறக்கவில்லை.

உடல்நலத்தைப் பற்றியும் நிதானமாக ஒன்றைக் கூறவேண்டும். இந்தப் பிசினைத் தயாரிக்கும்போது 1,3-டைகுளோரோ-2-புரோபனால், 3-எம்சிபிடி ஆகிய உபபொருள்கள் சிறிதளவு உண்டாகின்றன. இவ்விரண்டையும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் சேர்த்துள்ளது. உணவோடு தொடர்புடைய காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் நீர்ச்சாற்றில் முதலாவது லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அளவில்கூடத் தென்படக்கூடாது என்றும், இரண்டாவது 12 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்றும் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் பரிந்துரைக்கிறது. இவற்றை வெகுவாகக் குறைத்த புதிய பிசின்கள் சந்தையில் உள்ளன. எனவே யாரும் பீதி கொள்ளத் தேவையில்லை. எந்த வகைப் பிசின் என்று கேட்கும் உரிமை மட்டும் நமக்கு வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிக்கும் திட்டத்தை நம் மலேசிய அரசாங்கம் 2018இல் அறிவித்தது. அதன்படி உறிஞ்சு குழல் முதல் உணவுப் பெட்டி வரை காகிதத்துக்கு மாறிவரும் இவ்வேளையில், காகிதம் என்றாலே கரையும், மட்கும், மறுசுழற்சியாகும் என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றுகிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு, இத்தகைய பொருள்களின் உறையில் ஈரவலிமைப் பிசின் சேர்க்கப்பட்டுள்ளதா, கழிப்பறையில் போடலாமா, பழைய காகிதத்தோடு சேர்க்கலாமா என்ற மூன்று விவரங்களையும் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். தேசிய மொழியோடு தமிழிலும் சீனத்திலும் அது இருக்கவேண்டும். அன்னதானக் கூடத்தில் சுருளைக் கையில் எடுக்கும் பாட்டிமார்கள் படிப்பது தமிழைத்தான். பயனீட்டாளர் சங்கங்கள் இக்கோரிக்கையைக் கையிலெடுத்தால், எங்கள் மண்டபத்தில் நடந்ததை எழுத்துபூர்வமாகத் தர ஆலய நிர்வாகம் ஆயத்தமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.