மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தாயா?

அம்மாடி,

நீ வீடு பார்த்திருக்கிறாய் என்று சின்னவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம் குடும்பத்தில் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்கப்போகிற முதல் பெண் நீ. இரண்டு நாளாக எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, அதை விடு.

மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தாயா? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். மாடிக்குப் படி இல்லை, ஏணி போட்டுத்தான் ஏற வேண்டுமாம். நீ தனியாகத்தான் போயிருந்தாய் என்றும் சொன்னாள். மாப்பிள்ளைக்கு வேலை இருந்திருக்கும். தனியாக ஏணியில் ஏறாதே.

கூரையைச் சோதிக்க ஒரு பொறியாளரை நீயே அமர்த்து. விற்பவரோ தரகரோ கைகாட்டும் ஆள் வேண்டாம். அவர் வரும்போது கூடவே இரு; அறிக்கையில் எழுதாத சிலதை வாயால் சொல்வார்கள். முதலில் வீட்டுக்குள்தான் அண்ணாந்து பார்ப்பார். பழுப்பு வளையம், உப்புப் பூத்த வெள்ளை, பெயின்ட் உப்பல் எல்லாம் ஈரத்தின் அடையாளம். சுத்தியலால் மெல்லத் தட்டுவார். கணீரென்று கேட்டால் நல்லது. பொள்ளலாகக் கேட்டால் காரை உள்ளே விட்டுப்போயிருக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருக்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. 'பூசிக் கொடுத்துவிடுகிறோம்' என்பார்கள். துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் மறுபடி பெயரும்.

மேலே போனால் வாட்டம் முக்கியம். 100 அடிக்கு 1 அடியாவது சரிவு வேண்டும். மழை விட்டு 48 மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் வாட்டம் சரியில்லை. வெயில் காலத்தில் எல்லாக் கூரையும் சமர்த்தாகத்தான் இருக்கும்; அப்போது காய்ந்த சேற்று வளையம் இருக்கிறதா என்று பார். கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலை, குழாய் துளைத்துப் போகும் இடம், தண்ணீர்த் தொட்டியின் அடி, வடிகால் வாய் ஆகிய இடங்களில்தான் ஒழுகல் பெரும்பாலும் தொடங்கும். உள்ளே கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்றும் நினைக்காதே. தண்ணீர் எங்கோ இறங்கி எங்கோ சொட்டும்.

அவர் எதையும் உடைத்துப் பார்க்க மாட்டார், கண்ணில் பட்டதைத்தான் எழுதுவார். எதை உடனே சரிசெய்ய வேண்டும், எது பொறுக்கும் என்று கேட்டு வாங்கு. இதெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன் முடிய வேண்டும். கொடுத்த பிறகு பேரம் பேச வாய் வராது. முன்பணத்துக்கு முன், மறந்துவிடாதே.

நம் நடு அறை உனக்கு மறந்திருக்காது. மழை வந்தால் உன் பாயை எத்தனை தடவை இழுத்துப் போட்டிருப்போம்! கட்டினவனைத்தான் இத்தனை வருஷமும் திட்டினேன். ஆனால் வாங்குவதற்கு முன் பார்க்கப் போன அன்றே, அந்த அறையில் ஒரு மூலைக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தது. உன் அம்மா அதைக் காட்டிக் கேட்டாள். "உனக்கென்ன தெரியும்" என்று விற்பவர்கள் முன்னாலேயே அதட்டினேன். எனக்கும் உறுத்தத்தான் செய்தது. வீடு வாங்குகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டதே! அப்புறம் முதல் மழையில் ஒழுகியபோது அவள் ஒன்றுமே சொல்லவில்லை. பாத்திரத்தை எடுத்து வந்து வைத்தாள். அவள் இருக்கும்போதே இதை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெளியே சொல்லியாகிவிட்டது என்பதற்காக எதையும் இழுத்துக்கொண்டு போகாதே. வீட்டைத்தான் சொல்கிறேன்.

எனக்கு மூட்டு ஒத்துழைக்காது, ஏற முடியாது. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வேன். பொறியாளர் என்றைக்கு வருகிறார் என்று மட்டும் சொல்.

அப்பா