கேள்விக்குறிகளாகிப் போன என் அகப்பக்கம்: பதினோராவது முறையாக எழுதும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்
பொருள்: சர்வர் மாற்றத்தில் அழிந்த என் 'மங்கி ஐலண்ட்' கேம் ரசிகர் அகப்பக்கம், நீங்கள் கைவிட்ட பேக்கப் (காப்பு நகல்), இன்னும் தராத டொமேன் (அகப்பக்க முகவரி) மாற்றக் குறியீடு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் பதினோராவது கடிதம். முதல் பத்தில் ஆறு ஆங்கிலத்தில், நான்கு மலாயில். உங்கள் விளம்பரத்தில் "தமிழிலும் சேவை" என்று போட்டிருக்கிறீர்கள், அதை நம்பி இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். மனிதர் யாராவது ஒருவர் கடைசி வரி வரை படித்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மார்ச் 3-ஆம் தேதி இரவு, உங்களிடம் அகப்பக்கம் வைத்திருக்கும் எங்கள் எல்லாரையும் புது சர்வருக்கு மாற்றினீர்கள். மறுநாள் காலை வேலைக்குப் புறப்படும்போது போனில் திறந்து பார்த்தேன். தலைப்பில் கேள்விக்குறி, பட்டியலில் கேள்விக்குறி, 212 பக்கமும் கேள்விக்குறி. "அம்மா" என்று இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறி. ஆங்கில எழுத்தும் எண்களும் மட்டும் பிழைத்துக் கிடந்தன. வரலாற்றுப் பக்கத்தில் இப்போது படிக்க முடிவது 1990, 1991, 1997, 2000, 2009, 2022 என்ற வருடங்கள்தான். நடுவில் அந்த கேமை உருவாக்கிய ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் என்று நான் ஆங்கிலத்தில் போட்டிருந்த பெயர்கள். மயானத்தில் கல்லறைக் கல் மாதிரி அவை மட்டும் நிற்கின்றன.

காரணத்தையும் நானே கண்டுபிடித்து முதல் டிக்கெட்டிலேயே (ஆன்லைன் புகார்ப் பதிவு) எழுதினேன். பழைய சர்வரில் தரவுத்தளம் எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 முறையில் இருந்தது, புதியதில் மேற்கு ஐரோப்பிய எழுத்துக்கான லத்தீன்-1 என்று வைத்து உள்ளே கொட்டியிருக்கிறீர்கள். லத்தீன்-1-இல் தமிழ் எழுத்தே கிடையாது, அதனால் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் அது ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. எழுத்து கோணல்மாணலாக, வேறு ஏதோ குறிகளாக வந்திருந்தால்கூட திருப்பி எடுக்கலாம். கேள்விக்குறியான பிறகு உள்ளே ஒன்றுமே இல்லை, பேக்கப் ஒன்றுதான் வழி. இதை ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அதற்கு உங்கள் பதில்? மார்ச் 7: பிரவுசர் கேஷை அழிக்கவும். மார்ச் 10: தமிழ் எழுத்துருவை நிறுவவும். இரண்டுக்கும் கீழே "தீர்க்கப்பட்டது" என்று முத்திரை வேறு! அதோடு சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு செய்தி. நான் திறந்தேன், நீங்கள் மூடினீர்கள், மறுபடி திறந்தேன். போனில் 47 நிமிடம் காத்திருந்த அன்று நீங்கள் போட்ட அந்தப் பாட்டு இன்னும் காதில் ஓடுகிறது, கடைசியில் லைன் துண்டித்துப் போனது.

சரி, நிதானமாகச் சொல்கிறேன். உங்களிடம் மரியாதைக் குறைவாக நடக்க எனக்கு விருப்பமில்லை. பதினோரு வருடமாக ஒரு தடவைகூடப் பணம் தாமதித்ததில்லை. பேக்கப்புக்கென்று தனியாக மாதம் 8 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வருகிறேன், கணக்கைப் பாருங்கள்.

அழிந்தது என்ன என்று உங்களில் யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 'மங்கி ஐலண்ட்' என்ற கேம் வரிசைக்கு நான் நடத்தும் ரசிகர் அகப்பக்கம் அது. கைப்ரஷ் திரீப்வுட் என்ற பொடியன் கடற்கொள்ளைக்காரனாக ஆசைப்பட்டுப் படாத பாடு படுவான், லெசக் என்ற பேய்க் கொள்ளைக்காரன் துரத்துவான். 1993-இல் என் அண்ணன் ஈப்போவில் ஒரு கடையில் முதல் பாகத்தின் நகல் டிஸ்கெட்டுகளை வாங்கி வந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த கேம் தொடங்குமுன் கொள்ளைக்காரன் முகம் ஒன்றைக் காட்டும். கூட வரும் அட்டைச் சக்கரத்தைத் திருப்பி அதே முகத்தைப் பொருத்தினால் ஒரு வருடம் தெரியும், அதை அடித்தால்தான் உள்ளே விடும். எங்களுடையது போட்டோகாப்பி எடுத்து பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒட்டி, நடுவில் ஆணி குத்தியது. கொள்ளைக்காரர் கேமையே கொள்ளையடித்து விளையாடினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் எல்லாப் பாகத்தையும் காசு கொடுத்து வாங்கிவிட்டேன், அந்தப் பாவம் கழிந்தது.

2006-இல் அகப்பக்கத்தைத் தொடங்கினேன். எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தடுமாறும், கேமில் எல்லாமே ஆங்கிலம். அதனால் ஒவ்வொரு புதிருக்கும் தமிழில் விளக்கம், பழைய பாகங்களை இந்தக் காலத்துக் கணினியில் ஓட வைக்கும் ஸ்கம்விஎம் என்ற மென்பொருளை நிறுவுவது எப்படி என்று படிப்படியாக, படத்தோடு எழுதினேன். 2022 செப்டம்பர் 19-ஆம் தேதி, ரான் கில்பர்ட்டும் டேவ் கிராஸ்மனும் பல வருடத்துக்குப் பிறகு சேர்ந்து செய்த புதிய பாகம் வந்தபோது ஒரு வாரம் லீவு போட்டு விளையாடி, ஒவ்வொரு இரவும் எழுதினேன். அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் 31 பக்கம்.

ஆனால் எல்லாவற்றையும்விட வயிறு எரிவது வாய்ச்சண்டைப் பக்கத்துக்குத்தான். முதல் பாகத்தில் வாள்சண்டை கையால் கிடையாது, வாயால். எதிராளி ஒரு வசவு சொல்வான், அதற்குச் சரியான பதிலடி கொடுத்தால் ஜெயித்தாய். கடைசியில் கார்லா என்ற வாள் வித்தைக்காரியிடம் போனால் அவள் சொல்வதெல்லாம் புது வசவு. பதிலடி மட்டும் நீ ஏற்கெனவே கற்றதுதான், அதில் எது பொருந்தும் என்று நீயே யோசிக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு பதிலடியும் இரண்டு வேறு வசவுகளுக்குப் பொருந்தணும். இதைத் தமிழில் கொண்டுவந்து பாருங்கள், அப்போது தெரியும்!

என் அம்மா இருபத்தெட்டு வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் விடியுமுன் நடக்கும் வாய்ச்சண்டையில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அவரோடு உட்கார்ந்து இரண்டு வருடமாக இந்தப் பக்கத்தைச் செய்தேன். "நீ பால்காரன் மாதிரி சண்டை போடுகிறாய்" என்று ஒரு வசவு, "பொருத்தம்தான், நீ மாடு மாதிரி போடுகிறாய்" என்பது பதில். கார்லா சொல்வது, உன் உடம்பிலிருந்து ரத்தத்தைச் சொட்டு விடாமல் கறப்பேன் என்று. அதே மாடு அங்கேயும் வந்து நின்றுவிடும். இது தமிழில் தானாக அமைந்தது. ஆனால் எங்கள் பக்கம் பால் என்றால் மரத்துப் பாலும் உண்டே, "பால்காரன்னா எந்தப் பால்?" என்று அம்மா கேட்டுவிட்டார், அதற்கே ஒரு வாரம் போனது. இன்னொன்று, உன் ரத்தத்தை என் கைக்குட்டையால் துடைப்பேன் என்பான் ஒருத்தன். இந்தத் தீவின் அழுக்கு மூலை எல்லாம் என் பெயருக்கு நடுங்கும் என்பாள் கார்லா. இரண்டுக்கும் ஒரே பதில், அப்போ அந்தக் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்துவிட்டதா என்று. அம்மா அதைத் தோட்டத்து ஆபீஸ் கூட்டும் வேலையாக மாற்றிச் சொன்னது கேட்டு நான் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துவிட்டேன். எப்படிச் சொன்னார் என்று எழுதலாம் என்றால் எனக்கே வார்த்தை முழுசாக நினைவில்லை. பக்கத்தில்தான் இருந்தது. இப்போது அங்கே கேள்விக்குறி.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. "என் திட்டெல்லாம் வந்துருச்சா?" என்று வாரம் ஒரு தடவை கேட்கிறார். நான் என்ன சொல்ல?

அப்புறம் உங்கள் ஆபீஸைத் தேடி வந்த அந்தக் கோலாலம்பூர் பயணம். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். மார்ச் 14. லீவு போட்டுவிட்டு, பசியாறாமல்கூட, சுங்கை சிப்புட்டிலிருந்து ரயில் ஏறினேன். டிக்கெட், எல்ஆர்டி (நகர ரயில்), சாப்பாடு எல்லாம் சேர்த்து 130 வெள்ளி. கையில் ஒரு ஃபைல், அதில் கேள்விக்குறிப் பக்கங்களை 40 தாளில் அச்சடித்து வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி, தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். அவரைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை, அவருக்குச் சம்பள உயர்வு கொடுங்கள். அவர் உள்ளே போய்க் கூட்டி வந்த இளைஞரைப் பற்றித்தான் சொல்கிறேன். நம் பிள்ளைதான், தமிழ்ப் பிள்ளை. ஃபைலை வாங்கி நாலு தாளைப் புரட்டினார். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அங்கிள், இது என்ன கேள்வி பதில் பக்கமா? ஒரே கேள்வியா இருக்கு, பதிலக் காணோம்?" என்றார்.

அங்கிள் என்றதற்கு எனக்குக் கோபமில்லை, தலை நரைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு, "கேம் பக்கந்தானே அங்கிள், இதுக்குப் போய் சுங்கை சிப்புட்லேர்ந்தா வந்தீங்க? புதுசா ஒன்னு போட்டுக்கலாம். இது சேல்ஸ் ஆபீஸ், டெக்னிக்கல்னா ஆன்லைன்ல டிக்கெட் போடுங்க" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மொத்தம் நாலு நிமிடம் இருக்கும். வசவுக்குப் பதிலடி எழுதுவதையே இரண்டு வருடம் தொழிலாக வைத்திருந்தவன் நான், அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. ரயில் தஞ்சோங் மாலிம் தாண்டும்போதுதான் வந்தது. மரியாதை கருதி இங்கே எழுதவில்லை.

மார்ச் 21-இல்தான் உங்கள் மூத்த அதிகாரி ஒருவர் எழுதினார்: பேக்கப் 14 நாள்தான் இருக்கும், மன்னிக்கவும், காலம் கடந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்ச் 3-ஆம் தேதி பேக்கப் மார்ச் 17 வரை உங்களிடம் இருந்திருக்கிறது. நான் ஃபைலோடு உங்கள் கவுண்டரில் நின்ற அன்றைக்கு அது உயிரோடு இருந்திருக்கிறது! அந்த இளைஞர் சிரிப்பதற்குப் பதில் ஒரு போன் போட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நான் தாமதித்தேன் என்று எந்த முகத்தோடு எழுதினீர்கள்? முதல் டிக்கெட் மார்ச் 4. தோட்டத்தில் ஒரு தொழிலாளியின் பதிவேட்டை ஆறு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். ஒரு செக்ரோல் (வேலை நாள், சம்பளப் பதிவேடு) காணாமல் போனால் என் வேலை போய்விடும். நீங்கள் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டு 14 நாள் என்கிறீர்கள். அதுவும் எங்கே எழுதியிருக்கிறது? எறும்பு எழுத்தில், எட்டாவது பக்கத்தில்.

என் கையில் சொந்த பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, 2020-இல் எடுத்தது. அதற்குப் பிறகு எடுக்காதது என் தப்புதான். வாய்ச்சண்டைப் பக்கமும் 2022 பாகமும் அதற்குப் பிந்தியவை. இணைய ஆவணக் காப்பகத்தில் தேடி ஒன்பது பக்கம் எடுத்தேன், படங்கள் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், கோபத்தில் இல்லை. முதல் பாகத்தில் காட்டில் ஒரு மரக்கட்டை இருக்கும், அதைப் பார்த்தால் இல்லாத டிஸ்கெட்டை, 22-ஆம் எண்ணைப் போடு என்று கேட்கும். அது கேலி. ஆனால் பல பேர் உண்மை என்று நம்பி, டிஸ்கெட்டைக் காணோம் என்று கம்பெனிக்கே போன் போட்டார்கள். அங்கே ஒருத்தர் போனை எடுத்துப் பதில் சொன்னார். பிந்திய பதிப்பில் அந்தக் கேலியையே எடுத்துவிட்டார்கள். 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில் காட்டுக்கு நடுவில் ஒரு போனை வைத்து, தங்கள் உதவி எண்ணைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டார்கள். கேம் கம்பெனி இல்லாத டிஸ்கெட்டுக்குப் பதில் சொன்னது. நீங்கள் இருந்த பேக்கப்புக்குச் சொல்லவில்லை.

இப்போது எனக்கு வேண்டியது. பழைய சர்வரை உடனே உருகப் போட்டிருக்க மாட்டீர்கள், அதன் டிஸ்க் எங்கேயாவது அலமாரியில் கிடக்கும். அதைத் தேடிப் பாருங்கள், தயவுசெய்து. கிடைத்தால் இந்தக் கடிதத்தில் சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன். கிடைக்காவிட்டால் பதினோரு வருடம் கட்டிய பேக்கப் கட்டணம் திரும்ப வேண்டும், அது மட்டுமே 1,056 வெள்ளி, ரயில் செலவு தனி. டொமேனை வேறு இடத்துக்கு மாற்றும் குறியீட்டை மூன்று வாரமாகக் கேட்கிறேன். டாட் காம் பெயருக்கு, கேட்ட ஐந்து நாளுக்குள் தர வேண்டும் என்பது விதி, உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த இளைஞர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். என் அம்மாவிடம் கேட்டால் போதும், பதிலடி என்றால் என்ன என்று அவருக்குப் புரியும்.

இந்த மாதக் கடைசி வரை பொறுப்பேன். அதற்குப் பிறகு பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் முதல் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவேன். கட்டணம் ஐந்து வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். என் இழப்புக்கு அது கால்வாசிகூட ஆகாது, இருந்தாலும் கேட்பேன். டிக்கெட், மின்னஞ்சல், ரயில் டிக்கெட் எல்லாம் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன். கிராணி வேலை பார்ப்பவனிடம் தாள் தொலையாது. அந்த அளவுக்குப் போக வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எழுத்துருவை நிறுவச் சொல்லும் அந்த மின்னஞ்சலை மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள். மூன்று தடவை வந்துவிட்டது.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாடிக்கையாளர்
(பெயர் உங்கள் பதிவேட்டில் தமிழில் இருக்கிறது, அதுவும் இந்நேரம் கேள்விக்குறியாகாமல் இருந்தால்)