துடுப்புக்கால் சதை

மன்னார்குடி,
ஆடி 4.

அன்புள்ள கலியா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, நண்டு. பால்டிமோரில் மகள் வீட்டில் இருந்தபோது ஓட்டலில் சாப்பிட்ட கிராப் கேக் என்கிற நண்டு வடையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, "உனக்கென்ன, முத்துப்பேட்டை பக்கத்திலேயே இருக்கு, வீட்டில் செஞ்சு பாரு" என்று முடித்திருந்தாய். பேரன் எந்தக் காலேஜில் சேர்ந்தான் என்று நான் கேட்டிருந்தேனே, அதற்கு ஒரு வரி இல்லை. சரி, போகட்டும். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். இரண்டு தடவை செய்தாயிற்று.

முதல் தடவை கேக் என்ற பெயரில் கட்லெட் செய்தேன். கை சும்மா இருக்குமா? வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு, கரம் மசாலா, இருக்கட்டுமே என்று இரண்டு உருளைக்கிழங்கு. வெங்காயம் தண்ணீர் விட்டு, கல்லில் போட்டதும் பாதி உதிர்ந்துபோனது. சரோஜா ஒரு வாய் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, நண்டு எங்க?" என்றாள்.

அப்புறம் உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். "வாயில் வைத்தால் சதை துண்டு துண்டாகப் பிரிகிறது, மாவு இருப்பதே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாய். முதலில் அது கண்ணில் படவே இல்லை. அந்தப் பதார்த்தத்தில் சேர்க்கிற வேலை குறைவு. நண்டுச் சதையை உடைக்காமல் எடுத்து, சிதறாத அளவுக்கு மட்டும் எதையாவது வைத்து ஒட்டவேண்டும், அவ்வளவுதான். நமக்குப் பழக்கம் வேறு. நம் வீடுகளில் நண்டு என்றால் சாறுதான். வரப்பு வளையில் கையை விட்டு நாம் பிடித்து வந்த வயல் நண்டை உன் ஆத்தா உரலில் இடித்து, துணியில் வடிகட்டி, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைக்கும். சளி பிடித்தவனுக்கு முதல் கிளாஸ். அந்த நண்டில் சதை எத்தனை இருந்தது என்று யாராவது பார்த்தோமா? குழம்பு நண்டும் அப்படித்தான். ஓட்டோடு உறிஞ்சிவிட்டுப் போட்டுவிடுவோம்.

இரண்டாவது தடவைக்கு சரோஜாவையும் கூட்டிக்கொண்டு முத்துப்பேட்டைக்கே போனேன். ஜூன் 14-ஆம் தேதியோடு 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கிவிட்டதால் கடல் நண்டு தாராளமாக வந்திருந்தது. அலையாத்திக் காட்டுப் பக்கத்துக் களி நண்டும் இருந்தது. ஆனால் பெரிதாக இருப்பதெல்லாம் கயிறு கட்டி உயிரோடு வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, விலையைக் கேட்டதும் நகர்ந்துவிட்டோம். எடுத்தது நீலக்கால் நண்டு, இரண்டு கிலோ. சரோஜா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அடிவயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அமுங்கினால் அது புதிதாக ஓடு மாற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் முட்டை சுமந்து நின்ற சினை நண்டு ஒன்றைத் தொடவே இல்லை. "அது கடல்லயே இருந்திருக்கணும்" என்று விற்கிறவளிடம் ஒரு சண்டையும் போட்டாள்.

பதினைந்து நிமிஷம் ஆவியில் வேக வைத்தோம். நீலம் போய்ச் செக்கச் செவேலென்று ஆனதும் என் பழைய வாத்தியார் புத்தி கிளம்பிவிட்டது. அந்தச் சிவப்பு புதிதாக வருவதில்லை கலியா, உயிரோடு இருக்கும்போதே ஓட்டில் இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருப்பதால் நீலமாகத் தெரிகிறது. சூட்டில் புரதம் குலைய, சிவப்பு வெளியே வருகிறது. சரோஜாவிடம் சொன்னேன். "முப்பது வருஷம் பிள்ளைங்ககிட்ட சொன்னது போதாதா, கரண்டியை எடுங்க" என்றாள்.

இனி வருவதுதான் விஷயம். ஆறவைத்து, முதுகு ஓட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் இறகு மாதிரி இருக்கும் செவுளைப் பிய்த்துப் போட்டு, உடம்பை நடுவில் இரண்டாக ஒடித்துக்கொள். கடைசி ஜோடிக் கால் மட்டும் நுனியில் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும், கவனித்திருப்பாய். அதை வைத்துத்தான் அது நீந்துகிறது. நாள் முழுக்க அந்தத் துடுப்பைப் போடுகிற தசை அந்தக் கால் உடம்போடு சேருகிற குழியில் இருக்கிறது. சுற்றி இருக்கும் மெல்லிய ஓட்டுத் தடுப்புகளை உடைத்துவிட்டு, காலை மெதுவாகத் திருகி இழுத்தால், காலோடு ஒட்டிக்கொண்டு வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி வரும். பெரிய நெல்லிக்காய் அளவு. நீ துண்டு துண்டாகப் பிரிந்தது என்று எழுதினாயே, அது இதுதான். ஒரு நண்டுக்கு இரண்டே இரண்டு. முதல் நண்டில் அவசரப்பட்டுப் பிய்த்து நாராக்கிவிட்டேன். நாலாவதில் முழுசாக வந்தது. குழந்தையிடம் காட்டுவது மாதிரி சரோஜாவிடம் தூக்கிக் காட்டினேன்.

மற்ற இடத்துச் சதையை எடுக்க நண்டின் கால் நுனியே போதும், ஊசி வேண்டாம். எடுத்ததை வெளிச்சத்தில் தட்டில் பரப்பி விரலால் தடவி ஓட்டுத் துணுக்கு பொறுக்கவேண்டும். தை மாதம் கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தேனே, செலவு செய்ததற்கு அன்றைக்குப் பலன் தெரிந்தது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து எடுத்ததில் தேறியது நானூறு கிராம். மண்டபம் பக்கத்தில் இதையே வேலையாகச் செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். அங்கே எடுக்கிற சதை டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்குப் போகிறது. அதிலும் இந்தத் துடுப்புக்கால் கட்டிக்குத்தான் மேல் விலை. உன் தட்டில் இருந்தது பால்டிமோர் பக்கத்துச் செசபீக் விரிகுடா நண்டோ, பாக் நீரிணை நண்டோ, யார் கண்டது!

சேர்த்தது என்ன என்று கேட்பாய். ஒரு முட்டை, இரண்டு கரண்டி மயோனைஸ், ஊறவைத்து வினிகர் விட்டு அரைத்த கடுகு ஒரு டீஸ்பூன், நொறுக்கிய உப்பு பிஸ்கட் ஒரு கைப்பிடிக்கும் குறைவு. பச்சை முட்டை மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் அரசாங்கம் ஒரு வருஷம் தடை போட்டதிலிருந்து சரோஜாவுக்கு அது ஆகாது. கடையில் முட்டையில்லாததைத்தான் வாங்கினேன். லேசாக இனிக்கிறது, அரை மூடி எலுமிச்சை பிழிந்து சரி செய்தேன். வூஸ்டர் சாஸ் இங்கே கிடைக்கவில்லை. அசலான அந்தச் சாஸில் நெத்திலி, வினிகரோடு புளியும் இருக்கிறது என்று தெரிந்ததும் அரை ஸ்பூன் புளிக்கரைசலை விட்டுவிட்டேன்.

உன் மகள் கொடுத்தனுப்பிய ஓல்ட் பே மசாலாப் பொடியின் மஞ்சள் நிற டப்பாவும் திறந்தாயிற்று. அதன் கதை உனக்குத் தெரியுமா? குஸ்தாவ் புருன் என்ற ஜெர்மானிய யூதர், மசாலா வியாபாரி. 1938-இல் நாஜிகளின் முகாமில் அடைபட்டு, எப்படியோ வெளியே வந்து பால்டிமோருக்குத் தப்பிப்போனவர். 1939-இல் அங்கேயே மசாலாக் கம்பெனி தொடங்கி, ஊர்க்காரர்கள் நண்டு தின்பதைப் பார்த்து இந்தப் பொடியைக் கூட்டியிருக்கிறார். பெயர் அந்த விரிகுடாவில் ஓடிய கப்பல் கம்பெனியுடையது. செலரி உப்பு, கடுகு, மிளகு, மிளகாய் எல்லாம் மூக்கில் ஏறுகிறது. ஒரு டீஸ்பூனுக்கு மேல் போடாதே, உப்பு கரிக்கும்.

இதையெல்லாம் முதலில் ஒரு கிண்ணத்தில் அடித்துக்கொண்டு, சதையைக் கடைசியில் போட்டு விரல்களால் புரட்டினேன். பிசையவில்லை. பிசைந்தால் இரண்டரை மணி நேரமும் பாழ். ஆறு உருண்டை பிடித்து, லேசாகத் தட்டி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தோம். இதைத் தவிர்க்கக்கூடாது, பிஸ்கட் ஈரத்தைக் குடித்து இறுக வேண்டும். தோசைக்கல்லில் வெண்ணெய், மிதமான தீ, ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம், ஒரே ஒரு திருப்பு. நண்டு ஏற்கெனவே வெந்ததுதான், முட்டை பிடித்தால் போதும். ஒன்றே ஒன்று ஓரத்தில் விரிந்தது, அது என் அவசரம்.

உன் ஓட்டல் ருசியா என்று எனக்குத் தெரியாது, நீதான் தின்று சொல்லவேண்டும். நண்டின் இனிப்பு தனியாகத் தெரிந்தது, அது மட்டும் நிச்சயம். மகனுக்கு ரொம்பப் பிடித்தது. சரோஜா ஒன்று தின்றாள். மீதி ஓடு, சின்னக் கால் எல்லாவற்றையும் வீணாக்காமல் இடித்து ரசம் வைத்திருந்தாள், அதை இரண்டு டம்ளர் குடித்தாள். நான் மூன்று.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, தம்பி குறுவை நட்டிருக்கிறான். வரப்பில் நண்டு வளை பார்த்தே நாளாயிற்று என்கிறான். வளை வழியாக வயல் தண்ணீர் ஒழுகுகிற தொல்லை விட்டது என்று அவனுக்குச் சந்தோஷம்.

தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாடா. மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை இங்கே. அமாவாசை நண்டுதான் சதை பிடித்திருக்கும் என்று உன் ஆத்தா சொல்லும், நினைவிருக்கிறதா? ஆனால் வருவது ஆடி அமாவாசை, அன்றைக்கு நம் இரண்டு வீட்டிலும் அடுப்பில் நண்டு ஏறாது. அதற்கு மறுநாள் வா. சதை எடுக்க நீயும் உட்காரவேண்டும், சொல்லிவிட்டேன். பேரன் எந்தக் காலேஜ் என்று நேரிலாவது சொல்.

உன்,
பக்கிரி