முத்துவைத் தேடித் தந்தவர்களுக்கு

எங்கள் நாய் முத்து கிடைத்துவிட்டான். உள்ளங்கால் பனியில் வெடித்திருக்கிறது, விலா எலும்பு தெரிய மெலிந்திருக்கிறான், மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிசம்பர் 31 இரவு இங்கே ஜெர்மனியின் லைப்சிக்கில் புத்தாண்டு வெடிக்கு மிரண்டு அவன் ஓடிப்போனது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத என்னால் ஆகாது. இன்றைக்கு நன்றி மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுதி எங்கள் கட்டட வாசலிலும் தோட்டச் சங்கத்தின் கண்ணாடிப் பெட்டியிலும் ஒட்டியாகிவிட்டது. அந்த மொழியில் சொல்ல வராததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. லைப்சிக், ஹாலே, டிரெஸ்டன் வாட்ஸப் குழுக்களில் முத்துவின் படத்தை விடாமல் போட்டுக்கொண்டே இருந்த தம்பி தங்கைகளுக்கு. பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் கை விறைக்கச் சுவரொட்டி ஒட்டிய மாணவர்களுக்கு. புத்தாண்டு விடிகாலையிலும் போனை எடுத்துப் பொறுமையாக விவரம் கேட்டு எழுதிக்கொண்ட, வளர்ப்பு விலங்குகளைப் பதிந்துவைத்துத் தொலைந்தால் தேட உதவும் டாஸோ அமைப்பினருக்கு. விலங்குக் காப்பகத்துக்காரர்களுக்கு. தண்டவாளத்தோரம் ஒரு கண் வைத்தபடியே ஓட்டியதாகச் சொன்ன டிராம் ஓட்டுநருக்கு. பனிமய மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்ட தூத்துக்குடி அத்தைக்கு. காட்டு விலங்குகளைப் படமெடுக்கும் தானியங்கி கேமராவைக் கடன் கொடுத்து, அதை எந்த உயரத்தில் கட்ட வேண்டும் என்று காட்டியும் கொடுத்த அந்த இளைஞர் இல்லாவிட்டால், அவன் சிறு தோட்டங்களுக்குள்தான் சுற்றுகிறான் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஊரில் இருந்து விசாரித்தவர்களுக்காக அந்தத் தோட்டங்களைப் பற்றி இரண்டு வரி. இங்கே வீடு அடுக்குமாடியில் இருக்கும், தோட்டம் வேறொரு தெருவில் இருக்கும். வேலி போட்டு, உள்ளே மரக்குடிசை கட்டி, வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். ஷ்ரேபர் தோட்டம் என்பார்கள். இதற்குத் தாய்வீடே லைப்சிக்தான். 1864இல் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்று ஒரு சங்கம் தொடங்கி, மறைந்த டாக்டர் ஷ்ரேபரின் பெயரை அதற்கு வைத்தார். திடலின் ஓரத்தில் போட்ட பாத்திகள்தான் பின்னால் குடும்பத் தோட்டங்களாயின. குளிர்காலம் வந்தால் குழாய்த் தண்ணீரை அடைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பயந்து ஒளிகிற நாய்க்கு அதைவிட வாகான இடம் கிடையாது. சங்கத் தலைவர் ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் போன் போட்டுக் குடிசைக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். வெளியூர் போயிருந்தவர்கள் சாவி இருக்கும் இடத்தைச் சொன்னார்கள், முகம் தெரியாத எங்களுக்காக.

இனி அந்த அம்மாவைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கார்ல் ஹைனே கால்வாய் ஓரம் காலையில் நான் முத்துவைக் கூட்டிக்கொண்டு போகும்போது, குட்டைக்கால் டாக்கெல் நாயோடு எதிரே வருவார். எழுபதைத் தாண்டிய வயது. இங்கே நாயோடு நடப்பவர்கள் முதலில் கேட்பது ஆணா பெண்ணா என்றுதான். இரண்டையும் அருகில் விடலாமா, ஒத்துப்போகுமா என்று தெரிந்துகொள்ள. அவரும் அதைத்தான் கேட்டார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு "மோர்கன்" (காலை வணக்கம்), ஒரு தலையசைப்பு. முத்துவின் பெயரைக் கேட்டுக்கொண்டவர் என் பெயரைக் கேட்கவில்லை, எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. புதிதாக வந்து, பேச ஆளில்லாமல் இருந்தவளுக்கு அது வலிக்கத்தான் செய்தது. தூத்துக்குடியில் என்றால் இரண்டாம் நாளே பிறந்த வீடு புகுந்த வீடு எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்கள்.

சுவரொட்டியைப் பார்த்துவிட்டு அவரே வந்து எங்கள் வீட்டு மணியை அழுத்தினார். கோட்டைக் கழற்றவில்லை, ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரியாதீர்கள். கண்ணில் பட்டாலும் பின்னால் ஓடாதீர்கள். வெடிக்கு மிரண்ட நாய்க்கு வளர்த்தவரையே அடையாளம் தெரியாது" என்றார். போட்டுக் கழற்றிய சட்டையைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோய் அவன் ஓடிய இடத்தில் வைக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "இவன் குட்டியாக இருந்தபோது என்ன வாசனையில் வளர்ந்தான்?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பதில் சொல்லத் தொடங்கியதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெரேஸ்புரம் கடற்கரை, மணலில் வலை விரித்து மீன் காயப்போடும் இடம், பெட்டிகளுக்கு நடுவே கிடந்த குட்டி. அவனை இங்கே கொண்டுவர தோலுக்கடியில் அடையாளச் சிப் வைத்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் கழித்து இரத்தம் எடுத்து அனுப்பி, அதற்குப் பிறகும் மூன்று மாதம் காத்திருந்தது. என் தட்டுத்தடுமாறிய ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும், "அந்தக் காய்ந்த மீன் உங்களிடம் இருக்கிறதா?" என்றார்.

இருந்தது. ஊரில் என் அம்மா கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாடு, பைக்குள் பை போட்டு இறுக்கிக் கட்டி, மேல் அலமாரியில். வந்த நாளிலிருந்து அதை நான் பிரித்ததே இல்லை. கருவாடு வறுத்தால் மாடி முழுக்க மணக்கும், புகார் வரும் என்று குழுவில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறீர்கள். மீன் குழம்பு வாசனைக்கே வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வாங்கியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். "வாசனை ரொம்பக் கடுமையாக இருக்கும், அக்கம்பக்கத்தில் ஏதாவது..." என்று இழுத்தேன். "கடுமையாக இருந்தால்தானே அவனுக்கு எட்டும்? எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

கேமரா கட்டியிருந்த வேலிக்கு இரண்டு தோட்டம் தள்ளி அவருடைய தோட்டம். கிழக்கு ஜெர்மனி காலத்திலிருந்தே அவர் குடும்பம் வைத்திருப்பது. நான் போய்ச் சேர்வதற்குள் குடிசை வாசலில் சின்ன கேஸ் அடுப்பும் கறுத்துப்போன இரும்பு வாணலியும் தயாராக இருந்தன. சங்கத்து வாயிற்கதவில் அவர் கைப்பட எழுதிய ஒரு தாள்: இன்று மாலை மீன் வாசனை வரும், காணாமல் போன நாய்க்காக, தயவுசெய்து யாரும் உள்ளே நடமாட வேண்டாம். வெந்நீரில் உப்புப் போக அலசி, தலையைக் கிள்ளிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வறுத்தேன். புகை மேலே எழும்பாமல் குளிர்காற்றோடு வேலியோரமாகவே தவழ்ந்து போயிற்று. அவருக்கு இருமல் வந்தது. கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னும் போடுங்கள்" என்று கையை ஆட்டினார். பிற்பாடு என்னைத் தரையில் முதுகு காட்டி உட்காரச் சொன்னார். திரும்பிப் பார்க்கக் கூடாது, அவன் கண்ணைச் சந்திக்கக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு அவர் குடிசைக்குள் போய் நின்றுகொண்டார்.

நன்றாக இருட்டிய பிறகு எனக்குப் பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. என் முழங்கைக்குக் கீழே ஈர மூக்கு வந்து முட்டியது. கையிலிருந்ததை மெல்லத் தின்றான். பிறகு என் சட்டையை மோந்து மோந்து பார்த்துவிட்டு, தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டான். நான் வாரை மாட்டிக்கொண்டிருக்கும்போதே தோட்டக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்த வயதில் இருட்டில் எப்படிச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போனாரோ தெரியாது.

வாணலியில் மிச்சமிருந்த நெத்திலியில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி இதை வைத்துச் சாப்பிடலாம் என்றார். இத்தனை நாள் ஏன் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்று அப்போதுதான் துணிந்து கேட்டேன். புது இடத்துக்கு வந்தவரைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்தாராம். நான் கருவாட்டைக் கட்டி வைத்திருந்ததும் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்றுதான்.

அம்மா, நீங்கள் தமிழ் படிக்கப் போவதில்லை. உங்கள் பேரன் போனில் மொழிபெயர்த்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு கேள்விக்காக உங்களுக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மார்ச் பிறந்தால் ஆற்றோரக் காடு முழுக்கக் காட்டுப்பூண்டு முளைத்து ஊரே பூண்டு வாசனை அடிக்கும், ஒரு கைப்பிடி இலை பறிக்கக் கூட்டிப்போகிறேன் என்றீர்கள். நாங்கள் மூன்று பேரும் வருகிறோம்.

நாய் கொண்டுவரும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் போட்ட சிப் இங்கே வேலை செய்யும், ஆனால் அந்த எண்ணை டாஸோவில் நீங்களே பதிந்தால்தான் உரியவர் யார் என்று தெரியும். காசு கிடையாது, இன்றைக்கே பதிந்துவிடுங்கள். வெடி விற்பனை டிசம்பர் 29 வாக்கிலேயே தொடங்கிவிடும். அப்போதிருந்தே கழுத்துப்பட்டையில் ஒன்று, மார்புப்பட்டையில் ஒன்று என இரண்டு வார் மாட்டி இரட்டையாகப் பிடியுங்கள். விமான நிலையங்களை ஒட்டி வெடி போடக் கூடாது என்பதால் நாய் வைத்திருக்கும் பலர் அந்த ஓர் இரவுக்கு அங்கே ஹோட்டல் அறை எடுக்கிறார்கள். வரும் டிசம்பரில் நாங்களும் அங்கேதான் இருப்போம்.

இனி லைப்சிக்கில் யார் வீட்டு நாயோ பூனையோ காணாமல் போனாலும் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். நடுராத்திரி ஆனாலும் சரி, சுவரொட்டி ஒட்டவும் வேலியோரம் காவல் இருக்கவும் நானும் என் கணவரும் வருவோம். எங்கள் சுவரொட்டிகளை முடிந்தவரை கழற்றிவிட்டோம். லின்டனாவ், பிளாக்விட்ஸ் பக்கம் ஏதாவது விட்டுப்போயிருந்தால் கிழித்துவிடுங்கள். கிடைத்துவிட்டவனை இன்னொருவர் குளிரில் நின்று தேட வேண்டாம்.