வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கொஞ்சம் வண்ணம்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டை எப்படிப் பளிச்சென்று மாற்றுவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் ஒன்று: கையளவு வண்ண அட்டையை நம்பிச் சுவர் முழுக்க அடித்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். அட்டையில் இளம்பச்சை, இரவு விளக்கில் பாசி பிடித்த தொட்டி மாதிரி இருந்தது. பெரிய அட்டை ஒன்றில் 2 கோட் பூசி, நன்றாகக் காய்ந்தபின் காலை, மாலை, விளக்கு வெளிச்சம் மூன்றிலும் பாருங்கள். 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் பல்பில் நீலம் மங்கித்தான் தெரியும்.

மண் தொட்டிக்கு வெளியே மட்டும் பெயிண்ட் அடித்தால் நிற்காது. உள்ளே ஊறும் ஈரம் சுவர் வழியாகக் கசிந்து, பெயிண்டைச் செதில் செதிலாக உரித்துவிடும். உள்பக்கம் சீலர் (ஈரம் கசியாமல் தடுக்கும் பூச்சு) பூசிக் காயவிட்டு, அப்புறம் வெளியே அக்ரிலிக் பெயிண்ட் அடியுங்கள். அடித்துளையை அடைத்துவிடாதீர்கள், செடி அழுகிவிடும்.

சுவரைத் தொட மனமில்லையா? சரி, வாசல் கதவுக்கு மட்டும் ஒரு அழுத்தமான நிறம் போதும். திரைச்சீலைக் கம்பியைக் கூரையை ஒட்டி மாட்டினால் அறை உயரமாகத் தெரியும்.

செய்து பார்ப்பவர்கள் முன்பும் பின்பும் எடுத்த படங்களை ஞாயிறு மாலைக்குள் இங்கே போடுங்கள். ஃபார்வர்டு படங்கள் வேண்டாம்.