போட் வாங்கிவிட்டேன்

இரணைமாதாநகர்
ஐப்பசி, ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். சின்னவள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்ததை உன் சின்னம்மா ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டா.

உயிர்ப்புத் திருநாளுக்கு நீ எழுதியதற்கு ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. போனில் நாலைந்து தரம் கதைத்தோம். ஒவ்வொரு தரமும் சொல்ல வாயெடுத்து, மழைக் கதையிலும் நண்டு விலையிலும் போய் நின்றுவிட்டேன். இனியும் உள்ளுக்கு வைத்திருக்க ஏலாது. 40 குதிரை எஞ்சின் வாங்க நீ அனுப்பிய 6 இலட்சத்துக்கு நான் எஞ்சின் வாங்கவில்லை. அதோடு என்னுடைய பழைய போட்டையும் மனைவியின் இரண்டு காப்பையும் விற்று, கற்பிட்டியில் ஒரு கேபின் போட், மூடிய அறை உள்ளது, வாங்கிவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தது பிழை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய், நானும் விட்டிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். போன மார்கழியில் சின்னம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது என்று உனக்குச் சொன்னோம். இரணைதீவிலிருந்து எப்படிக் கரைக்குக் கொண்டுவந்தோம் என்று சொல்லவில்லை. அவ சொல்ல விடவில்லை. நல்ல வாடைக் காற்று அன்றைக்கு. பழைய வீட்டுக் கதவு ஒன்றைக் கழற்றி அதில் கிடத்தி, கதவோடு என் பைபர் போட்டில் ஏற்றினோம். பதினெட்டரை அடி, திறந்த போட், உனக்குத் தெரியும். நாலு பேர் நாலு மூலையில் தறப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போட்டின் முன்பக்கம், அணியம், எழும்பி அடிக்கும் ஒவ்வொரு தரமும் அந்தக் கதவு ஒரு சாண் மேலே போய் விழுந்தது. அவ கத்தவில்லை. செபமாலையை வாய்க்குள் சொல்லிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தா. முழங்காவில் ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அவவின் சேலையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வந்திருக்கும். இப்போது பொல்லூன்றி நடக்கிறா. ஆனால் அந்தக் கதவு விழுந்த சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

1992இல் போரில் விட்டு வந்த எங்கள் தீவு மண்ணுக்கு 2018 சித்திரை 23ஆம் திகதி நாங்கள் போய் இறங்கியபோது எல்லோருக்கும் காலில் பலம் இருந்தது. ஏழு வருடம் போய்விட்டது, மச்சான். அன்றைக்குக் கரையில் குதித்து மண்ணை அள்ளிய பெரியவர்களை இன்றைக்குக் கைபிடித்து ஏற்ற வேண்டியிருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். தீவுக்கும் கரைக்கும் நடுவில் காற்றும் தண்ணீரும் படாத ஒரு மூடிய இடம் வேண்டும். எனக்கு வேறு ஒரு நினைப்பும் இல்லை.

சரி, போட்டுக்கு வருகிறேன். 26 அடி நீளம், எட்டரை அடி அகலம், பைபர் உடம்பு. உள்ளே நாலு சிலிண்டர் ஜப்பான் டீசல் எஞ்சின். கற்பிட்டியில் கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரைக்கும் டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றிய போட். கொரோனாவுக்குப் பிறகு ஓட்டமில்லாமல் களப்பில் கட்டிக் கிடந்தது. டீசல் என்றதும் எனக்குப் பாதி ஆசை வந்துவிட்டது. 2022 ஆவணியில் எங்கள் வள்ள எஞ்சின்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபா ஆனபோது நாங்கள் வள்ளங்களைக் கவிழ்த்துவிட்டு இருந்தது உனக்கு நினைவிருக்கும். அதோடு பெற்றோல் எஞ்சினைப் பெட்டிக்குள் மூடிவைத்து மேலே ஆட்களை ஏற்ற எனக்குப் பயம். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, அடித்தட்டில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும்.

பார்க்கப் போனது மூன்று பேர். நான், கட்டையன், குருநகரில் பைபர் வேலை செய்கிற பெடியன். விடிய ஆறு மணிக்குப் போய் எஞ்சினில் கை வைத்தால் சூடாக இருக்கிறது! ஆட்கள் வருமுன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். சூடான எஞ்சின் எதையும் மறைக்கும். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது, முதல் புகை என்ன நிறம் என்பதில்தான் அதன் சுகம் தெரியும் என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீ. நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு நாங்கள் போகவில்லை. அன்றிரவு மூன்று பேரும் அந்த இறங்குதுறையிலேயே படுத்தோம், ஒருவரும் வந்து தொட்டுவிடாமல். கட்டையன் விடியும்வரை எங்கள் பழைய பச்சை வாளிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். உன் பங்கையும் அவனே செய்தான், தலையைச் சொறிவது உட்பட!

மறுநாள் குளிரில் இரண்டாம் சுற்றில் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, ஐந்து நிமிடத்தில் தெளிந்தது. நீலம் இல்லை. ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன், கறுப்புத்தான், பால் நிறம் இல்லை, அப்போ தண்ணீர் கலக்கவில்லை. பெடியன் சுத்தியலின் பிடியால் உடம்பு முழுக்கத் தட்டினான், நாங்கள் பானை வாங்கும்போது தட்டுகிற மாதிரி. அணியம் தொடக்கம் நடு வரைக்கும் கணீர் என்று கேட்டது. பின்பலகையில் ஒரு இடத்தில் மட்டும் சத்தம் செத்து விழுந்தது. அதைக் காட்டி விலையைக் குறைத்து 21 இலட்சத்துக்கு முடித்தோம். ஒரு இடம்தானே என்று நினைத்தேன்.

கடல்வழியாகக் கொண்டுவர எனக்கும் ஆசைதான். ஆனால் பழக்கமில்லாத எஞ்சினோடு தலைமன்னார் மணல்திட்டைத் தாண்ட மனம் வரவில்லை. லொறியில் ஏற்றிப் புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி வந்தோம். மடு றோட்டில் சனம் நின்று பார்த்தது. பூநகரி றோட்டில் ஏறி வெள்ளாங்குளம் தாண்டும்போது வலப்பக்கம் வயல், இடப்பக்கம் கடல் வாசம், பின்னால் ஒரு வெள்ளைப் போட். நான் அழுதுவிட்டேன்.

அப்புறம்தான் துக்கம் தொடங்கியது. பின்பலகையில் இருந்த ஏணியைக் கழற்ற ஒரு ஆணியைத் திருகினேன். ஆணிக்குப் பின்னால் கோப்பி நிறத்தில் தண்ணீர் வடிந்தது, நிற்காமல், கால் மணி நேரம். பைபருக்கு நடுவில் பலகை வைத்திருக்கிறார்கள். ஆணி அடித்த ஓட்டைகளைப் பசை வைத்து அடைக்கவில்லை. வருடக்கணக்காகத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல், பலகையை உக்க வைத்துவிட்டது. உட்பக்கத் தோலை வெட்டித் திறந்தால் தேயிலைச் சக்கை மாதிரிக் கையோடு வருகிறது. முக்கால்வாசிப் பலகை போய்விட்டது. மேலே புது வெள்ளைப் பெயின்ற் அடித்து விற்றிருக்கிறார்கள். போன் எடுத்தேன், அந்த மனிதர் எடுக்கவில்லை. கடல்மீது ஓடுகிற ஒன்றை இப்படி மூடி விற்க எப்படி மனம் வருகிறது?

இப்போது அதுதான் என் இராப்பகல் வேலை. உக்கல் முழுவதையும் தோண்டி எடுத்தோம். நல்ல பலகை தெரியும்வரை போக வேண்டும், பாதியில் நின்றால் மிச்சம் இருப்பது திரும்பப் பரவும். கடலுக்கென்று வருகிற பிளைவூட் இரண்டு தகடு யாழ்ப்பாணத்தில் எடுத்தேன், வீட்டு வேலைக்கு வருகிறது ஈரத்தில் இதழ் இதழாகப் பிரியும். பழைய பைபரின் ஓரத்தைச் சும்மா ஒட்டவும் கூடாதாம். கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரித்துத் தேய்க்க வேண்டும், கால் அங்குலக் கனத்துக்கு மூன்று அங்குலம். அப்போதுதான் புதியது பழையதைப் பிடிக்கும். நான் வழக்கமான ரெசினே போதும் என்றேன், மலிவு. பெடியன் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய உடம்பில் எப்பொக்சிப் பசைதான் இறுகப் பிடிக்கும், அதுக்கு மற் என்கிற நெய்யாத நார்ப்பாய் போடக்கூடாது, நெய்த துணிதான் போட வேண்டும் என்று நின்றுவிட்டான். செலவு இரண்டு மடங்குக்கு மேல். இருபத்திரண்டு வயது, அவனிடம் நான் படிக்கிறேன்.

என் பயம் மழை. ஈரத்தில் இந்த வேலை செய்ய முடியாது, பலகை காயாமல் மூடினால் உக்கலை நானே உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. வடக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. கோயில் பனையடியில் போட்டைக் குத்திகளில் ஏற்றி, மேலே தறப்பாளால் கொட்டில் போட்டிருக்கிறோம். தறப்பாள் கொட்டில் போட வன்னியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. உன் சின்னம்மா பொல்லோடு வந்து மூலைக் கயிற்றை இழுத்துப் பார்த்து, தளர்ந்திருக்கு, திரும்பக் கட்டு என்றா. திரும்பக் கட்டினேன். இரவில் உள்ளே இரண்டு மின்குமிழ் எரியவிட்டுப் பலகையைக் காய வைக்கிறேன். நித்திரை வராமல் எழும்பிப் போய்த் தடவிப் பார்க்கிறேன்.

உள்ளே இருந்த ஆடம்பரம் எல்லாம் கழற்றியாயிற்று. குளிர்சாதனப் பெட்டி, கண்ணாடி, போத்தல் அலுமாரி, கூரைக்கு மேலே இருந்த இருக்கையும் நிழற்துணியும். மேலே பாரம் கூடினால் போட் ஆடும், வாடைக்கு அந்தத் துணி பாய் விரித்த மாதிரி. இடப்பக்கத்தில் ஆறரை அடிக்கு ஒரு நீளக் கட்டில், ஆஸ்பத்திரித் தூக்குப் படுக்கை அப்படியே பொருந்தும். நாலு பட்டி, உருளாமல் கட்ட. வலப்பக்கம் ஆறு பேர் இருக்கலாம். சின்னக் கழிப்பறையையும் கழற்றத்தான் போனேன். பொம்பிளைகள் கூட்டமாக வந்து, எதை எடுத்தாலும் எடு, அந்தக் கதவில் கை வைக்காதே என்றார்கள். எத்தனை வருடம் எங்கள் போட்டில் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கழிப்பறை இருக்கிறது.

பற்றரி இரண்டு, எஞ்சின் பிடிக்க ஒன்று, லைற்றுக்கும் ரேடியோவுக்கும் மற்றது. ஒன்று செத்தாலும் மற்றதில் வீடு வந்து சேரலாம். அடித்தண்ணீர் இறைக்கத் தானாக ஓடும் பம் ஒன்று, அது நின்றால் கையால் இறைக்க இன்னொன்று. மிதவை அங்கி பன்னிரண்டு, அதில் நாலு சிறுபிள்ளைகளுக்கு. பழைய ரேடியோ வேலை செய்கிறது, ஆபத்தில் கூப்பிடுகிற 16ஆம் சனலில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். பதிவுதான் இழுபடுகிறது. தொழில் போட் என்று ஓரிடத்தில், ஆள் ஏற்றுகிற போட் என்று இன்னோரிடத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கடதாசி குறைகிறது. அதை மாஸ்ரர் பார்க்கிறார், அவருக்குப் பொறுமை இருக்கிறது.

இன்னொரு கவலை. போட் இரண்டரை அடி தண்ணீர் குடிக்கும். தீவுக் கரையில் வத்துநேரத்தில் முழங்காலளவுதான். ஆக, ஆளைக் கொஞ்சத் தூரம் தெப்பத்தில் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். தட்டையான வள்ளம் ஒன்றைப் பின்னால் கட்டி இழுப்பதா, கரையிலேயே ஒன்றை விட்டுவைப்பதா என்று சம்மாட்டியாரும் நானும் தினமும் வாதாடுகிறோம். நான் இழுப்போம் என்கிறேன். அவர், இரவில் இழுவைக் கயிறு விசிறியில் சுற்றினால் என்ன செய்வாய் என்கிறார். அவர் சொல்வது சரி என்று எழுதும்போது தெரிகிறது.

உன்னிடம் கேட்பது காசு இல்லை, கடனை நான் நண்டுக் காசில் திருப்புவேன். கற்பிட்டியில் ஓட்டிப் பார்க்கும்போது முழு வேகத்தில் இருபது நிமிடத்தில் சூடு ஏறியது. பிரித்தால், கடல்தண்ணீர் இழுக்கும் பம்பின் றப்பர் சக்கரத்தில் இரண்டு இதழ் இல்லை. ஒடிந்த இதழ்களைத் தேடித் தேடி, சூடாற்றியின் வாயில் அடைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். எடுக்காமல் புதுச் சக்கரம் போட்டிருந்தால் திரும்பச் சூடாகியிருக்கும். எங்கள் கடலில் சாதாழைப் புல் எவ்வளவு என்று தெரியும்தானே, தண்ணீர் போகிற வாயில் பெரிய வடி ஒன்றும் வைக்கப்போகிறேன். அந்தச் சக்கரம் இங்கே தேடி அலுத்துவிட்டேன். நீ இருக்கிற இடத்தில் வீட்டுக்கு வீடு இப்படிப் போட் என்கிறாயே, அங்கே கிடைக்கும்.

பெயர் இன்னும் வைக்கவில்லை. 6 இலட்சம் போட்டவன் நீ, நீயே சொல். கோயில் சுவாமி நத்தார் முடிந்து போட்டை ஆசீர்வதித்து மந்திரிக்கலாம் என்றார், சின்னம்மா நீ வந்த பிறகுதான் என்று அடம்பிடிக்கிறா. முதல் ஓட்டத்தில் தான்தான் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்ப்பேன் என்கிறா, நோயில்லாமல், சும்மா.

என்மேல் கோபம் இருந்தால் போனில் ஏசு. எஞ்சின் நம்பர்த் தகட்டைப் படம் எடுத்து நாளைக்கு அனுப்புகிறேன். சக்கரம் இரண்டாக வாங்கு, ஒன்று போட்டில் கையிருப்புக்கு.

அன்புடன்,
மச்சான்